எட்டாவது கேள்வி

பன்னிரண்டு கேள்விகள் உள்ள தாளை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டுகிறாள்
நர்ஸ் பெய்ஷான்.
சாங்ஹுவா ஆஸ்பத்திரி, நான்காம் மாடி,
வெளியே மழை.
வலி உண்டா, விழுங்க முடிகிறதா,
எச்சில் ஊறுகிறதா, மனசு எப்படி.
கட்டத்துக்குள் டிக் போட வேண்டும்.

பேச்சு என்ற இடத்தில் பேனா நிற்கிறது.
நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பார்கள்.
என் நாக்கின் வலது பாதியில்
உண்மையிலேயே நரம்பில்லை.
அது என் இடது முன்கையில் இருந்த தோல்.
பாவம், அதற்கு எதையும் பேசத் தெரியாது.
போன மாதம் அதில் முடி முளைத்தது.
இரண்டு முடி.
ஆ-கிம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
சுவரில் சாய்ந்து சிரித்தாள்.
ஒரு வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு.
அதற்குக் கட்டமில்லை.

சவரம் பற்றியும் யாரும் கேட்கவில்லை.
காதுமடலிலிருந்து காறையெலும்பு வரை
மரத்துக் கிடக்கிறது.
காலர் சிவந்த பிறகுதான்
பிளேடு வெட்டியது தெரியும்.
முன்பும் என் காலர் சிவந்துதான் இருந்தது.
அது பாக்குச் சாறு.

இருபத்தாறு வருடம் ஜல்லி லாரி.
தைச்சுங் துறைமுகத்திலிருந்து தெற்கே,
ராத்திரி ராத்திரியாக.
கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு
பெண்கள் விற்கும் பச்சைப் பாக்கு,
சுண்ணாம்பு தடவி இலையில் பொதிந்தது.
துப்ப ஒரு காகிதக் குவளை.
தூக்கம் வராது. காதுமடல் வரை சூடு ஏறும்.
பொட்டலத்தைச் செருகுவது தலைக்கு மேலே,
வெயில் மறைக்கும் அட்டையின் இடுக்கில்.
கண் பார்க்காமலே கை போய் எடுத்து வரும்.

கழுத்தைத் திறந்து
நாற்பத்தொரு நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள்.
ஆறில் இருந்தது என்றார்கள்.
வழியில் தோளுக்குப் போகும் நரம்பு நொந்துபோனது.
தோள் இறங்கிவிட்டது,
ஒரு பக்கமாகப் பாரம் ஏற்றிய வண்டி மாதிரி.

சுவரில் விரல்களை ஏறவிடச் சொன்னாள்
பிசியோதெரபிப் பெண்.
சமையலறையில் உரக்கடைக்காரன் கொடுத்த காலண்டர்.
முதலில் கடைசி வரிசைத் தேதிகள்,
பிறகு மாதத்தின் பெயர்.
ஆணியைத் தொட ஏழு மாதம் ஆயிற்று.

காலையில் ஆ-கிம் கழுத்து வீக்கத்தை
மேலிருந்து கீழாகத் தடவி வடிப்பாள்.
கை என் மேல், காது மிக்ஸியின் மேல்.
சர்க்கரைவள்ளி, மீன், கீரை
எல்லாம் ஒரே நிறத்தில் கிண்ணத்துக்கு வரும்.
நன்றாக இருக்கிறதா என்பாள்.
தலையாட்டுவேன்.
ஆட்டும்போது தழும்பு இழுக்கும்.
அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து
அவள் கேட்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை
மச்சான் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.
சும்மா கிடந்தால் பேட்டரி செத்துவிடும்,
கொஞ்சம் ஓட்டு என்றான்.
மேற்கே, கடல் பக்கமாக, நாலு கிலோமீட்டர்.
மாலை வெயில் நேராகக் கண்ணில்.
நான் யோசிக்கவே இல்லை.
வலது கை எழுந்தது,
தோளைத் தாண்டியது,
அட்டையை இழுத்துக் கவிழ்த்தது.

மடியில் ஏதோ விழுந்தது.
பொட்டலம். கடைசி இரண்டு பாக்கு,
காய்ந்து, எலும்பு நிறத்தில்.

ஓரம் கட்டினேன்.
வீசி எறிந்தேன் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.
எறியவில்லை. முகர்ந்து பார்த்தேன்.
வாசனை இல்லை.
போனது பாக்குக்கா என் மூக்குக்கா தெரியவில்லை.
நாக்கில் ஊறவில்லை, ஊற எச்சிலும் இல்லை.
பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.
பிறகு அட்டையை மேலே தள்ளினேன்,
கீழே இழுத்தேன், மேலே, கீழே, மறுபடி மேலே.
ஸ்கூட்டரில் போன ஒருவன்
இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று
நின்று பார்த்துவிட்டுப் போனான்.

எட்டாவது கேள்வி: தோள்.
இதுவரை போடாத கட்டத்தில் டிக் போட்டேன்.
எப்போதிலிருந்து என்றாள் பெய்ஷான்.
வெயில் அடித்ததிலிருந்து என்றேன்.
சொல்லின் வால் வழக்கம்போல
வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.
புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றாள்.
சொல்லவில்லை.
கையைத் தூக்கினேன்.